பார்வதிக்கு வளைகாப்பு

சவுரி: டேய் துளசி, அந்த டப்பாவத் தொடாத! அது கண்ணாடி வளையலு. கம்பில கட்டினா பார்வதி கட்ச்சித் துன்னுரும்.

துளசி: தொடலண்ணா, நகத்தித்தான் வெச்சேன். கம்பிக்கு பிளாஸ்டிக்குதான்.

சவுரி: மொத்தம் எத்தினி கட்டணுமாம்?

துளசி: கம்பிக்கு ஒண்ணு. இருவத்தோரு கம்பி. ஒத்தப்படை வரணும்னு டிரஸ்டியம்மாவே வந்து எண்ணிப் பாத்துட்டுப் போனாங்க.

சவுரி: பேஷ், பேஷ். ஆத்தா பொறந்தது காங்கோ காட்டுல, இது பொறந்தது பெல்ஜியம் கூண்டுல, வளைகாப்பு பொத்தேரில. ஒரு கொரில்லாவுக்கு இம்மாம் யோகமா!

துளசி: அது மூஞ்சியப் பாருண்ணா. இவனுங்களுக்கு இன்னா பைத்தியம் புட்ச்சிக்கிச்சான்னு பாக்குது.

சவுரி: சரியாத்தான் பாக்குது.

துளசி: மணி இன்னாண்ணா?

சவுரி: ஒம்போதே முக்கால். பத்தரைக்குதான் பங்சனு. இத்தோட நாலு வாட்டி கேட்டுட்டே. வாசக் கேட்டு பக்கமே வேற பாத்துகினு கீறே. யாரு வரப்போறா, மந்திரியா?

துளசி: ஒண்ணுமில்ல. நீ கயித்த அறுத்துக் குடு.

சவுரி: இந்தா. காத்தால டாக்டரம்மா ஒரு பிரசங்கமே வெச்சிச்சு, தெரியுமா? "சவுரிமுத்து, ஒலகத்துல இருக்கற ஜூ எல்லாத்துலயும் சேத்து இந்த வகை கொரில்லா ரெண்டு டஜன் கூட இல்ல. அதுல ஒண்ணு உங்க கையில இருக்கு." நான் சொன்னேன், "மேடம், என் கைல அது இல்ல. போன வருசம் என் சுண்டு வெரலுதான் அது கைல இருந்துச்சு. இன்னும் வளைஞ்சே கீது பாருங்க."

துளசி: டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?

சவுரி: டாக்டர் ஞானஜோதி சிரிக்கறதுன்னா மேலிடத்துல பர்மிஷன் வாங்கணும். "கட்டு போட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் பூட்ச்சி.

துளசி: ஏண்ணா, கொரில்லாவே அபூர்வம்னு சொன்னா சரி. அதுல ஜாதி வேறயா?

சவுரி: ஐயோ, அத்த ஏன் கேக்கறே! மேக்கத்தி கொரில்லா நூத்துக்கணக்குல கீதாம். இது கெழக்கத்தி. அதான் கெராக்கி. மொதல்ல நம்ம டிரஸ்டி வேற ஒரு மாப்ளதான் பாத்தாரு. போட்டோல ஆளு வாட்டசாட்டமா இருந்தான். பெல்ஜியத்துக்காரன் ஒரே தந்தி. "அவன் மேக்கத்தி. கலக்கக் கூடாது."

துளசி: வெஸ்ட் தாம்பரம் பையனுக்கு ஈஸ்ட் தாம்பரம் பொண்ணக் குடுக்கமாட்டேன்ற கதை.

சவுரி: அதேதான். இங்க நடுவுல தண்டவாளம், அங்க நடுவுல காடும் ஆறும். அதுக்கோசரம் ஒரு புஸ்தகம் வேற வெச்சிகினு கீறானுங்கோ. எது எவனுக்குப் பொறந்துது, தாத்தன் யாரு, பாட்டி எந்தக் காடு... எல்லாம் எய்தி வெச்சிகினு, பொருத்தம் பாத்துதான் ஜோடி சேக்கறது. நம்ம மாடம்பாக்கம் ஜோசியன் பிச்ச வாங்கணும்.

துளசி: நம்மளப் பாத்து ஜாதி பாக்கறான்னு சொல்றது மட்டும் வெள்ளக்காரன்.

சவுரி: ஜாதி, ஜாதகம், பொறந்த வூடு, புகுந்த வூடு, எல்லாம் கீதுடா. மொதக் குட்டி பெல்ஜியத்துக்கு, ரெண்டாவதுதான் நமக்குன்னு அக்ரிமெண்டு. அங்க அதுக்குப் பேரு பெர்த்தா, நமக்கு வந்த மாப்ள பேரு குஸ்தாவ். நம்ம ஆளுங்க வாய்ல நுழையாம பார்வதி, குப்புசாமின்னு வெச்சோம். அந்தப் பேர கூட புஸ்தகத்துல ஏத்த மாட்டேன்ட்டான்.

துளசி: வரதட்சணைதான் பாக்கி.

சவுரி: பாக்கியா? எம்பத்தொம்போதுல மீனம்பாக்கத்துல வந்து எறங்கினதுலேருந்து தெனம் மூணு சீப்பு வாயப்பயம், முட்ட, கீரக்கட்டு, ஞாயித்துக்கெயம தர்பூஸு. அத்தினியும் துன்னுட்டு மூணு வருசம் அவ பக்கமே திரும்பாம குந்தினு இருந்தான் பாரு, அவன்தான்டா மாப்ள!

துளசி: இப்ப தனியாப் போட்டு பூட்டினதுல ரொம்ப வாடிப் போய்ட்டாண்ணா. மூணு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறான்.

சவுரி: பின்ன? "நான் ஒண்ணுமே பண்ணலியேடா, என்னைய ஏன்டா உள்ள போட்டீங்க"ன்னு யோசிக்கறான் போல.

துளசி: ஏன் அப்பிடி சொன்னே?

சவுரி: எப்பிடி?

துளசி: ஒண்ணுமே பண்ணலன்னு.

சவுரி: சும்மா தமாசுக்குடா! அதான் லேப்ல மாசமா கீதுன்னு பேப்பர்லயே போட்டுக் குட்த்துட்டானே. அதுக்கு மேல நம்ம இன்னா சொல்றது?

துளசி: ஆமா. லேப்ல குட்த்துட்டான்.

சவுரி: வயிறு கூட முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம்...

துளசி: அண்ணா, அது வந்த அன்னிக்கே எட்டு மாசம் மாதிரிதான் எறங்கிச்சு. குப்புசாமிக்குக் கூட அதே வயிறுதான். தழ துன்ற வயிறு.

சவுரி: அதுவும் வாஸ்தவம்.

துளசி: வியாயக்கெயம பெல்ஜியத்துக்காரன் ஸ்கேன் பொட்டி எட்த்துகினு வர்றானாமே?

சவுரி: அத்த ஏன் இப்ப ஞாபகப்படுத்தறே? நானே பேஜார்ல கீறேன்.

துளசி: உனக்கு இன்னாண்ணா பேஜாரு?

சவுரி: எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்கேன் எடுக்கறப்போ கையப் புட்ச்சிகினு நிக்கறவன் நான்தானே. இன்னும் ஒம்போது வெரலு நேராத்தான் கீது.

துளசி: அன்னிக்கு லேப்ல இன்னா நடந்துச்சுன்னு நீ முழுசா சொல்லவே இல்ல.

சவுரி: அதுவா? அது பெரிய தமாசு. கொரில்லா மூத்திரம்னு சொன்னா லேப்காரன் பாட்டில தொட மாட்டான்னு டாக்டரம்மா "மிஸஸ் பெர்த்தா"ன்னு சீட்டு எய்தி ஒட்டிக் குட்த்துச்சு. அதுல வயசுன்னு போட்ட எடத்துல நெஜ வயசு, பதினாலு! லேப்காரன் சீட்டப் பாக்கறான், என்னையப் பாக்கறான், டெலிபோனப் பாக்கறான். போலீசுக்குத்தான் பண்ணப் போறான்னு எனக்கு வேத்துப் பூட்ச்சி.

துளசி: அப்பறம்?

சவுரி: "எய்தினது தப்பு சார், நாப்பத்திநாலு"ன்னு சொன்னேன்.

துளசி: நாப்பத்திநாலா? அத்த ஏன் சொன்னே?

சவுரி: வாய்ல வந்துச்சு, சொன்னேன். ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன் அம்மா போலன்னு அவனே முடிவு பண்ணிக்கினான். சாயங்காலம் பேப்பர் வாங்கப் போனா எந்திரிச்சு கையக் குடுக்கறான். "இந்த வயசுல கடவுள் குடுத்துருக்காரு, ஸ்வீட் எங்க?"ன்றான். நானும் பக்கத்துக் கடைல கால் கிலோ மிச்சர் வாங்கிக் குட்த்துட்டு வந்தேன். கொரில்லாவுக்கு நான்தான் புருசன்னு அந்த லேப்ல இன்னிய வரைக்கும் நெனச்சிகினு கீறானுங்கோ.

துளசி: ஹ... ஹ... மிச்சரு வேறயா?

சவுரி: அப்பாடா, சிரிச்சுட்டே. காத்தாலேருந்து மூஞ்சி உப்புமா மாதிரி கீதேன்னு பாத்தேன். இன்னாடா விசயம்? வூட்டுல சண்டையா?

துளசி: வூட்டுல சண்ட இல்ல. டிரஸ்டியம்மா மேலதான் கோவம்.

சவுரி: அவங்க இன்னா பண்ணாங்க உன்ன?

துளசி: நேத்து குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பிச்சாங்க. "ஸ்டாப் பொம்பளைங்க எல்லாரும் வந்து பார்வதிக்கு வளையல் கட்டி, சந்தனம் வெச்சிட்டுப் போவணும்"னு. எல்லார் வூட்டுக்கும் சொன்னாங்க. என் வூட்டாண்ட வந்து அந்த ஆளு நின்னான், தலைய சொறிஞ்சான். "கங்கம்மாவ மட்டும் வர வேணாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. பிள்ள இல்லாதவ நல்ல காரியத்துல நிக்கக் கூடாதாம்"னான்.

சவுரி: ... அடப்பாவிங்களா.

துளசி: கொரில்லா வளைகாப்புண்ணா! கொரில்லாவுக்கு! எங்க அப்பன் வேர்க்கடல போட்ட நெலத்த இவங்களுக்கு வித்தாரு, அதுலதான் இந்தக் கூண்டே நிக்குது. பதினோரு வருசமா ஊர்ல ஒரு வளைகாப்புக்கும் அவளக் கூப்புட்டதில்ல. போனா பின்னால குந்துவா, சாப்புட்டு வந்துருவா. பழகிப் போச்சு. ஆனா ஒரு குரங்கு பங்சனுக்குக் கூட ஆவாதவளா பூட்டாளா என் பொண்டாட்டி?

சவுரி: கங்கா இன்னா சொல்லிச்சு?

துளசி: சிரிச்சா. "நல்லதாப் போச்சு, அந்த நாத்தத்துல யாரு நிக்கறது"ன்னா. அப்பால பின்பக்கம் போயி ரொம்ப நேரம் பாத்திரம் தேச்சிகினே இருந்தா. அத்தினி பாத்திரம் எங்க வூட்டுல இல்லண்ணா.

சவுரி: உடுடா. மனசுல வெச்சிக்காத.

துளசி: உன் வூட்டு அருள்மேரியக்காதான் மொத வளையல் கட்டணுமாமே. மூணு ஆம்பளப் புள்ள பெத்த மகராசின்னு.

சவுரி: அது வராது.

துளசி: ஏன்?

சவுரி: ஒடம்புக்கு முடியல. தையில மூத்தவனுக்குக் கல்யாணம், அலைச்சலு... படுத்துகினே கீது. டிரஸ்டியம்மாவாண்ட அப்பறமா சொல்லிக்கறேன்.

துளசி: டாக்டராண்ட காமிச்சியா?

சவுரி: காமிச்சாச்சு, காமிச்சாச்சு. நீ வளையலக் கட்டு.

துளசி: அண்ணா, உன்னாண்ட ஒரு விசயம் சொல்லணும். சத்தம் போடக் கூடாது.

சவுரி: நான் எப்படா சத்தம் போட்டேன்?

துளசி: எப்பவுமேதான். அந்த மரச் சுத்தியலக் கீழ வெய்யி. சொல்றேன்.

சவுரி: வெச்சுட்டேன். சொல்லு.

துளசி: லேபுக்குப் போச்சே... அது பார்வதியோடது இல்ல.

சவுரி: ... யாரு சொன்னது?

துளசி: யாரும்...

சவுரி: லேப்காரன் வந்தானா? டேய், மெய்யாலுமா சொல்லு, அவன் இங்க வந்து கேட்டானா? டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சி போச்சா?

துளசி: யாருக்கும் தெரியாதுண்ணா. எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தானே மாத்தினேன்.

சவுரி: நீயா? நீ மாத்தினியா?

துளசி: ஆமா. நீ ஏன் இப்பிடி வேக்கறே?

சவுரி: வெயிலு. நீ சொல்லு.

துளசி: டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? காத்தால அது படுத்த எடத்துல தரை சரிவா கீதுல்ல, அந்தக் குழில வந்து நிக்கறத சிரிஞ்சுல உறிஞ்சி பாட்டில்ல புடிக்கணும். கழுவறதுக்கு முன்னாடி. குப்புசாமியோடது கலக்கறதுக்கு முன்னாடி. மூணு வாட்டி நான் கோட்ட உட்டுட்டேன். ரெண்டு மெமோ வாங்கிட்டேன். நாலாவது நாளு டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. "இன்னிக்கு பாட்டில் வரலேன்னா வேலைய உட்டு நிப்பாட்டிடுவேன்."

சவுரி: ஆமா. அந்தச் செவ்வாக்கெயம.

துளசி: அன்னிக்கு நாலு மணிக்கே வந்தேன். குழில அழகா நின்னுச்சுண்ணா, அரை டம்ளரு. எனக்கு அவ்ளோ சந்தோசம். சிரிஞ்சு எடுக்கப் போனேன். வர்ற வழில பைப்பு கெடந்துச்சு. பதினாலு வருசப் பழக்கம்... கை தானா போயி தொறந்துச்சு. பினாயில ஊத்தி, தொடப்பம் போட்டு, பளபளன்னு கழுவி முட்ச்சிட்டு நிமிர்ந்து பாக்கறேன். பாட்டிலு ஜன்னல் மேல காலியா கீது.

சவுரி: அடக் கிரகமே!

துளசி: அப்பறம் ஒம்போது மணி வரைக்கும் அது கூண்டாண்டயே குந்தி விசிலடிச்சேன். கொழந்தைங்களுக்கு அடிப்பாங்களே, அந்த மாதிரி. அது என் கூட சேந்து குந்தினு வாயப் பாத்துச்சே ஒழிய ஒரு சொட்டு விடல. நீ பத்து மணிக்கு டிவிஎஸ்ஸ எட்த்துகினு வந்து நிக்கறே. "இன்னாடா, ரெடியா?"

சவுரி: "அஞ்சு நிமிசம்ணா, மூடி வூட்டுல கீது"ன்னு ஓடினே.

துளசி: மூடி எடுக்க ஓடல. கங்காவாண்ட ஓடினேன்.

சவுரி: ஹ... ஹா... ஹாஹாஹா! ஐயோ... ஐயோ மாதாவே... கங்காவோடதா? மிஸஸ் பெர்த்தான்னு சீட்டு ஒட்டி... ஹாஹாஹா! அதுவாண்ட இன்னான்னு சொல்லிக் கேட்டே?

துளசி: ஜூவுல ஸ்டாப் பேமிலிக்கு ப்ரீயா சக்கரை டெஸ்ட் எடுக்கறாங்கன்னு.

சவுரி: ஹாஹா... எனக்கு வயிறு வலிக்குது... உன்னோடதக் குட்த்துருக்கலாமேடா, சோமாரி!

துளசி: ஆம்பளதுன்னு கண்டுபுடிச்சிட்டா?

சவுரி: ஹாஹாஹாஹா!

துளசி: சிரிக்காதண்ணா. முழுசாக் கேளு. கங்காவோடது ஏன் குட்த்தேன்னா... அதுல கண்டிப்பா இல்லன்னுதான் வரும்னு. பதினோரு வருசமா இல்லாதது அன்னிக்கு மட்டும் வந்துடப் போவுதா? பார்வதிக்கும் இல்லன்னு எய்திக்குவாங்க, யாருக்கும் நஷ்டம் இல்லன்னு நெனச்சேன். சாயங்காலம் நீ பேப்பர எட்த்துகினு வந்தே. அதுல இன்னா போட்டிருந்துச்சு?

சவுரி: பாசிட்டிவ்.

துளசி: பாசிட்டிவ்! புரியுதாண்ணா? பார்வதிக்கு இல்ல. என் கங்காவுக்கு!

சவுரி: ... துளசி.

துளசி: இப்ப ஏன் சிரிக்க மாட்டேன்றே? சிரிண்ணா! டாக்டரம்மா அந்தப் பேப்பர எட்த்துகினு ஆபீஸுல குதிக்குது, டிரஸ்டி பெல்ஜியத்துக்கு பேக்ஸ் அனுப்பறாரு, எல்லாரும் எனக்குக் கை குடுக்கறாங்க. நான் யானை கொட்டாய்க்குப் பின்னால போயி நின்னு அழுதுகினு இருந்தேன். சந்தோசத்துல.

சவுரி: கங்காவுக்குச் சொல்லிட்டியா?

துளசி: இன்னும் இல்ல.

சவுரி: சொல்லலியா? நெஜமா சொல்லலியா?

துளசி: எப்பிடிண்ணா சொல்றது? "உன்னோடத கொரில்லா பேர்ல அனுப்பிச்சேன்"னா? ஆனா மூணு வாரமா கொடம் தூக்க உடறதில்ல. தண்ணி நான்தான் கொண்டாந்து ஊத்தறேன். தெனம் மாதுளம்பயம் வாங்கினு போறேன். நேத்து கேக்கறா, "எவளாண்டயாவது போயி மாட்டிகினியா, இப்பிடித் தாங்கறே?"ன்னு.

சவுரி: அதுக்கு... அந்த மாசக் கணக்கு... தள்ளிப் போயிருக்கா?

துளசி: தள்ளித்தான் போயிருக்கு.

சவுரி: மெய்யாலுமா?

துளசி: ஆனா அவளுக்கு எப்பவுமே அப்பிடித்தான். மூணு மாசம், நாலு மாசம் கூடத் தள்ளும். மொதல்லலாம் ஒவ்வொரு வாட்டியும் மாங்கா வாங்கினு வருவேன். அப்பறம் ஒரு நாளு ஆயிடும், ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். அஞ்சாறு வருசமா அவ நாள் எண்ணறதையே உட்டுட்டா.

சவுரி: அப்ப டாக்டராண்ட காமிச்சாத்தான் நிச்சயமா...

துளசி: லேப்ல பாத்ததுக்கு மேல இன்னா நிச்சயம்?

சவுரி: லேபுக்காரன் சொல்றதெல்லாம் வேதவாக்கா? பாட்டிலு மாறியிருக்கும். வேற யாருதாவது... எத்தினி பாட்டிலு அடுக்கி வெச்சிருந்தான் தெரியுமா? நாளைக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ. நான் வர்றேன் கூட. நிச்சயமானதுக்கு அப்பறம் சொல்லு.

துளசி: நாளைக்கு இல்லண்ணா. இன்னிக்கு. இப்ப.

சவுரி: இப்பன்னா?

துளசி: அவள வரச் சொல்லிகீறேன்.

சவுரி: எங்க?

துளசி: இங்கதான். பத்து மணிக்கு. "கல்யாணப் பட்டுப் பொடவயக் கட்டிகினு, தலை நெறய பூ வெச்சிகினு வா. யாரு தடுத்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு"ன்னேன். "எதுக்கு, எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கவா?"ன்னா. "ஒரு வாட்டி என்ன நம்பி வா"ன்னேன்.

சவுரி: டேய்... டேய், வேணாம்டா.

துளசி: டிரஸ்டியம்மா மைக்க எட்த்துகினு பார்வதிக்கு ஆரத்தி எடுக்கறப்போ போயி நிக்கப் போறேன். "அம்மா, அந்தப் பேப்பரு இவளோடது. வளையல் போட வேண்டியது இவ கைல. கண்ணாடி வளையலு எடுங்க"ன்னு சொல்லப் போறேன். ஊரு பூரா பாக்கட்டும்.

சவுரி: வேல போயிடும்.

துளசி: போவட்டும்.

சவுரி: குவார்ட்டர்ஸு போயிடும். போலீசு கேசு கூடப் போடுவாங்கடா, வெளிநாட்டு அக்ரிமெண்டு!

துளசி: போடட்டுமே! பொத்தேரில புது காலேஜு கட்டறான், கல்லு தூக்கிப் பொயைக்கறேன். எனக்குப் புள்ள வரப் போவுதுண்ணா! உனக்கு இது புரியாது. உனக்குக் கேக்காமயே மூணு குட்த்துட்டாரு உங்க சாமி.

சவுரி: ஆமா... கேக்காமயேதான் குடுக்கறாரு.

துளசி: உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உன் பசங்களப் பாத்தா எனக்கு ஆசைதான். ஆனா இன்னிக்கு நீயும் என் கூட வந்து நிக்கணும்.

சவுரி: துளசி, நான் சொல்றதக் கேளு. இந்த ஒரு வாட்டி கேளு. கங்காவ இப்பிடியே திரும்பக் கூட்டினு போ. எதாவது சினிமாவுக்குக் கூட்டினு போ. இங்க வேணாம். இவ்ளோ பேரு முன்னாடி வேணாம்.

துளசி: இன்னாண்ணா நீ, ஜகா வாங்கறே? மத்த எல்லாரும் பொறாமப்படுவாங்கன்னு தெரியும். நீயுமா?

சவுரி: பொறாமையா? எனக்கா? டேய், உனக்குப் புள்ள பொறந்தா மொத சாக்லேட்டு நான்தான்டா வாங்கித் தருவேன்!

துளசி: அப்பறம் இன்னா?

சவுரி: ஒருவேள... ஒருவேள அது இல்லன்னு ஆயிடுச்சுன்னா? இத்தினி பேரு முன்னாடி வளையல் போட்டதுக்கு அப்பால? அவ எத்தினி பாத்திரத்தடா தேய்ப்பா?

துளசி: ஏன்ணா அபசகுனமா பேசறே? கங்கா பாட்டில்ல கங்காவோடது. பாட்டில என் கையால உன் கைல குட்த்தேன். நீ கொண்டு போயி லேப்ல குட்த்தே. நடுவுல இன்னா கீது மாறறதுக்கு?

சவுரி: டேய், கொஞ்சம் இருடா...

துளசி: அதோ... அண்ணா, அதோ பாரு, வந்துட்டா! கேட்டாண்ட வாட்ச்மேனு தடுக்கறான் பாரு. என் பேரச் சொல்றா... ஆங், உட்டுட்டான். அரக்குப் பொடவ. கல்யாணத்தன்னிக்குக் கட்னதுண்ணா அது. எப்பிடி நடந்து வர்றா பாரு, பயந்துகினே... நான் போயி கூட்டினு வர்றேன். உடு. உடுண்ணா கைய!

சவுரி: உடமாட்டேன்.

துளசி: வலிக்குதுண்ணா!

சவுரி: நீ குட்த்த பாட்டிலு லேபுக்கே போவலடா.

துளசி: ... இன்னா?

சவுரி: இரும்புலியூராண்ட ஒரு லாரிக்காரன் ஒதுக்கினான். டிவிஎஸ்ஸோட விழுந்தேன். பை எகிறிப் போயி நடு ரோட்ல விழுந்துச்சு. அது மேல பஸ்ஸு ஏறிடுச்சு. சீட்டு மட்டும்தான் கைக்கு வந்துச்சு.

துளசி: பொய். நீ பொய் சொல்றே. நான் பண்ணத நிறுத்தணும்னு சொல்றே.

சவுரி: மாதா மேல சத்தியம். திரும்பி வந்து பாட்டிலு ஒடஞ்சிடுச்சுன்னு சொன்னா அன்னிக்கே உனக்கு வேல போயிருக்கும். டாக்டரம்மா வாசல்லயே நின்னுகினு இருந்துச்சுல்ல? அங்கேருந்து நாலாவது தெருதான் என் வூடு. மெடிக்கல்ல ஒரு புது பாட்டிலு வாங்கினு ஓடினேன்.

துளசி: ... அப்ப லேப்ல குட்த்தது...

சவுரி: இல்லன்னுதான் வரும்னு நெனச்சேன்டா. நீ நெனச்ச மாதிரியேதான் நானும் நெனச்சேன். நாப்பத்திநாலு வயசு, மாசக் கணக்கே நிக்கிற காலம். மூணு வாரமா வூட்டுல நாங்க ரெண்டு பேரும் பசங்க மூஞ்சியப் பாக்க முடியாம, இது ஏன்டா நமக்கு வந்துச்சுன்னு தலையில அட்ச்சிகினு கீறோம். இங்க வந்து பாத்தா நீ அத்த உன் புள்ளன்னு கொஞ்சிகினு கீறே. கங்காவோடதுல இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. லேப்ல நான் குட்த்தது அருள்மேரியோடதுடா.